மூலையில் ஒரு முகம்

ரொஷான் ஓட்டுகிற பஸ் எந்த ஊர் ரோட்டிலும் ஓடாது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில், அவனுடைய அப்பா மத்தேயு உட்கார்ந்து சோறு தின்ற அதே மேசையில் வைத்த பழைய கொம்பியூட்டருக்குள்தான் ஓடும். ஆனால் அதில் ஏறியவர்களை அவன் சும்மா விட்டதில்லை. "பசறை, பசறை, பசறை! உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க! அக்கா, அந்தப் பைய மடியில வச்சுக்குங்க, பைக்கும் சேத்து டிக்கெட் போடவா?" என்று கத்திக்கொண்டே வளைவு வளைவாகத் திருப்புவான். டிரைவரும் அவனே, கண்டக்டரும் அவனே. அந்த விளையாட்டை அப்படியே இன்டர்நெட்டில் லைவாக விடுவான். விடியலில் எழும்பிப் பதுளைச் சந்தைக்குப் போய், வெலிமடை லொறிகளில் வருகிற லீக்ஸ் மூட்டையும் கரட் மூட்டையும் இறக்கிவிட்டு வருகிறவனுக்கு, சாயங்காலம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் மூச்சு வரும்.

பார்க்க வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சில நாள் ஒரேயொரு ஆள். அந்த ஒரேயொரு ஆள் யார் என்று ரொஷானுக்குத் தெரியாது. அவனுடைய அக்கா நிலுக்ஷிக்குத் தெரியும். குவைத்தில் வீட்டு வேலை செய்கிற அவர்களுடைய அம்மா பவுலினாதான் அது.

பெற்ற பிள்ளையைத் திருடி மாதிரி ஒளிந்து பார்க்கிற நிலைமை ஒரு தாய்க்கு ஏன் வரவேண்டும்? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மத்தேயு தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். எலிக்காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டார். "அம்மா வந்துக்கிட்டு இருக்காங்க" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் ரொஷான்தான். பவுலினாவும் துடியாய்த் துடித்தாள். அவளுடைய பாஸ்போர்ட் அங்கே வீட்டுக்காரரின் அலமாரிக்குள் இருந்தது. வீட்டுக்காரரோ சாவியோடு வேறு ஏதோ நாட்டுக்குப் போயிருந்தார். "வந்துர்றேன் சாமி, எப்புடியாவது வந்துர்றேன்" என்று அழுத அழுகையை ரொஷான் அப்படியே நம்பிவிட்டான். அம்மா வருவாள் என்று அவனுக்காக உடலை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வைக்க முடியாது என்று ஆனதும், கோயிலில் இருந்து வந்த ஃபாதர், "முகம் பாக்குறவங்க வந்து பாத்துக்குங்க" என்றார்.

தோட்டத்தில் அது லேசான வார்த்தை இல்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் முகம் பார்ப்பது என்றால், வருஷக்கணக்காகப் பேசாத பங்காளியும் வந்து நிற்பான். பார்க்காமல் விட்டவர்களுக்கு அந்தச் சாவு முடிவதே இல்லை. பவுலினாவின் தங்கச்சி, வீடியோ கோலில் அக்காவைப் பிடித்துப் போனைப் பெட்டிக்கு மேலே நீட்டினாள். ரொஷான் பாய்ந்து வந்து பிடுங்கினான். "முகம் பாக்கணும்னா வந்து பாக்கட்டும். போன்ல என்ன முகம்?" என்று கத்திவிட்டு, லைனைக் கட் பண்ணினான். அதோடு அறுந்தது. அதற்குப் பிறகு பவுலினா எத்தனை தடவை எடுத்தாலும் அவன் பேசவில்லை. போன் அடித்து நிலுக்ஷி "அம்மா" என்று ஆரம்பித்தால், எழும்பி வெளியே போய்விடுவான்.

அம்மாவும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். "பேச வேணாம் மகள். பாத்தா போதும். ஒரு போட்டோவாவது எடுத்து அனுப்பேன்" என்றாள். அப்போதுதான் நிலுக்ஷிக்கு யோசனை வந்தது. ரொஷானின் லைவில் வலதுபக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அவனுடைய முகம் வரும். பதுளையில் அவள் வேலை செய்கிற கொம்பியூட்டர் கடையில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன கமரா ஒன்றை அவள்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். 'ஸ்பிரிங்வெளி' என்ற பெயரில் தன் போனிலேயே ஒரு கணக்கைத் திறந்து, அதன் பாஸ்வேர்டை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது.

நம் ஊரில் சாயங்காலம் என்றால் அங்கே உச்சி வெயில் நேரம். வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுத் தூங்குவார்கள். பவுலினா துணி துவைக்கிற அறைக்குள் போய், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சுவரைத் தாண்டி எப்படியோ கசிந்து வருகிற வைஃபையில் மகனைப் பார்ப்பாள். சத்தத்தை எறும்புக்குக் கேட்கிற அளவுக்கு வைத்துக்கொள்வாள். ஒன்றும் எழுத மாட்டாள். எழுதினால் கண்டுபிடித்துவிடுவான், கண்டுபிடித்தால் துரத்திவிடுவான் என்று பயம். ஒரு இதயப் படத்தை மட்டும் தட்டிவிடுவாள். ரொஷானும், "வாங்க ஸ்பிரிங்வெளி, நம்ம தோட்டத்து ஆள் வந்தாச்சு, முன்னுக்கு சீட்டு இருக்கு" என்பான். கீழ் லயத்துப் பயல் எவனோ என்று அவனுக்கு நினைப்பு. அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் அம்மா போனில் சிரிப்பாள். "எனக்கு முன்னுக்கு சீட்டு குடுத்துட்டான் நிலு."

நிலுக்ஷி லைவைப் பார்க்கக்கூடாது என்று ரொஷான் சட்டம் போட்டிருந்தான். "வீட்டு ஆளே பாத்து நம்பர கூட்டுறது ஒரு பொழப்பா அக்கா?" என்பான். ஒரு தடவை திருட்டுத்தனமாக அடுப்படியில் இருந்து பார்த்தாள். அவன் "பிரேக்கு, பிரேக்கு!" என்று அலறியது முதலில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. அவள் தேங்காயைத் துருவி, தண்ணீரை ஊற்றி, கையையும் துடைத்த பிறகுதான் போனுக்குள் இருந்த ரொஷான் அதே அலறலை அலறினான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லைவ் என்று சொல்கிறார்களே தவிர, அது வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அம்மா எப்போதும் பார்ப்பது கொஞ்சம் பழைய மகனைத்தான்.

இப்படியே போயிருந்தால் ஒரு நாள் எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் நிலுக்ஷி நம்பினாள். நடுவில் வந்தது கீரை.

ரொஷான் ஓட்டுகிற ரோட்டின் இரண்டு பக்கமும் தேயிலையும் சவுக்கு மரமும் வரும். பஸ் நின்றால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஓட ஆரம்பித்ததும் மரமெல்லாம் கரைந்து பச்சைக் கூழாகிவிடும். ஒரு நாள் எவனோ ஒருத்தன், "புரோ, அது தேயிலையா, கீரையா?" என்று எழுதிவிட்டுப் போனான். ரொஷான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள் கண்டியில் பெரிய வீடியோ சனல் வைத்திருக்கிற ஷாமில் என்கிற பையன், "தம்பி, உங்கட கண்டக்டர் சத்தம் சூப்பர். படத்தக் கொஞ்சம் கிளியராக்குங்க, நம்ம ரெண்டு பேரும் சேந்து பஸ் ஓட்டுவோம்" என்று செய்தி அனுப்பியிருந்தான். ரொஷான் அதை அக்காவிடம் திரும்பத் திரும்பக் காட்டினான். அப்பா போன பிறகு அவன் ஒன்றை வேண்டும் என்று ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

நிலுக்ஷி விஷயத்தைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். கடை முதலாளி பஸீல் நானா தம்பியின் லைவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, ஒங்கட தம்பி அனுப்புறது படமில்ல, கஞ்சி. பஸ் ஓடக்கொள்ள ஒவ்வொரு எலையும் எடம் மாறுது. அதெல்லாம் தெரியணும்டா பிட்ரேட்ட, அதான் செக்கனுக்கு அனுப்புற டேட்டாவ, கூட்டணும். நீங்க ஒரு கோப்பை தண்ணிய வெச்சிட்டு தோட்டம் முழுக்க ஊத்தப் பாக்குறீங்க."

"கூட்டுனா லைவ் விட்டு விட்டுப் போவுது நானா."

"ரவுட்டர் எங்க வெச்சிருக்கீங்க?"

"வீட்டுக் காம்பராவுக்குள்ள."

"தகரக் கூரைக்கு கீழ சிக்னல் எங்கேருந்து வரும்? வெளிய, டவர் பக்கமா பாத்து மேல கட்டுங்க. கொம்பியூட்டருக்கு வயர் இழுங்க, வைஃபை வேணாம். அப்லோட் எவ்வளவு வருதுண்டு பாத்து, அதுல முக்கால் பங்குக்கு மேல போவாதீங்க." அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், திரையின் மூலையைத் தட்டினார். "இத மொதல்ல தூக்குங்க."

"தம்பி மூஞ்சியவா?"

"மூஞ்சிய இல்லம்மா, அந்தக் கமராவ. வெளிச்சமில்லாத ரூம்ல அது புள்ளி புள்ளியா கொதிக்குது பாருங்க. அந்தப் புள்ளியெல்லாம் படமுண்டு நெனச்சி அதுவே பாதி டேட்டாவத் திண்டுரும். அத எடுத்தா மரத்துக்குக் கெடைக்கும்." பிறகு ஞாபகம் வந்தவராக, "ஒண்டு பாருங்க. பெரிய சனல்ண்டா பாக்குறவங்க நெட்டுக்கு ஏத்தமாதிரி கொறச்சிப் பாக்கலாம். சின்ன சனலுக்கு அந்த வசதி இல்ல. நீங்க அனுப்புறதுதான் அவங்களுக்குப் போவும். ஒங்கட ஆக்களுக்கு நெட் நல்லமா?" என்று கேட்டார்.

"எல்லாம் கண்டி, கொழும்புப் பசங்க நானா. நல்ல நெட்டு" என்றாள் நிலுக்ஷி.

வாய் தவறிச் சொன்னதில்லை. மறைக்க நினைத்தும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அம்மாவின் ஞாபகமே வரவில்லை, அவ்வளவுதான். தம்பியின் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிற அவசரத்தில், அந்த முகத்தைப் பார்க்கவென்றே ஒருத்தி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பது அவளுக்கு மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அக்காவும் தம்பியும் வேலையில் இறங்கினார்கள். ரவுட்டரைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொய்யா மரத்தில் கட்டினார்கள். அங்கேயிருந்து வயரை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். பிட்ரேட்டைக் கூட்டினார்கள், படத்தின் அளவைப் பெரிதாக்கினார்கள். கடைசியாக ரொஷான் மூலையில் இருந்த தன் முகத்தை அழித்தான். "இந்த மூஞ்சியப் பாக்கவா ஆளு வருது?" என்று சிரித்தான். நிலுக்ஷியும் சிரித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஓடியது பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சவுக்கு மரத்தில் இலையை எண்ணலாம். மழை பெய்தால் கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனியாக ஓடியது. ஷாமில் சொன்னபடியே தன் பஸ்ஸைக் கொண்டுவந்து பின்னால் சேர்த்துக்கொண்டான். அவனோடு அவனுடைய ஆட்களும் வந்தார்கள். ஒன்றும் இரண்டுமாக இருந்த எண்ணிக்கை தபதபவென்று ஏறியது. அந்தக் கூட்டத்தில் ஸ்பிரிங்வெளி என்கிற ஆளுக்கு முன் சீட்டு இருந்ததா, அந்த ஆள் ஏறியதா என்று ரொஷான் கவனிக்கவில்லை. அவனுக்கு அது தெரியாத ஆள். கவனித்திருக்க வேண்டியவள் நிலுக்ஷி.

"பாத்தீங்களாம்மா?" என்று போனில் கேட்டாள்.

"ஆமா மகள். நல்லா இருக்கு" என்றாள் அம்மா. மூச்சு வாங்கிற்று. கேட்டால், "படியேறி வந்தேன்" என்றாள்.

அடுத்த தடவையும் "நல்லா இருக்கு" என்றாள். அதற்கடுத்த தடவையும் அதே வார்த்தை. பிறகு ஒரு நாள், நிலுக்ஷி கடையிலிருந்து வருகிற வழியில் பஸ்ஸுக்குள் இருக்கும்போது அம்மாவே எடுத்தாள்.

"நிலு, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்கம்மா."

"தம்பிக்கு ஒடம்புக்கு ஏதும் இல்லையே? என்கிட்ட மறைக்காத."

"கல்லு மாதிரி இருக்கான். ஏன்?"

"மூஞ்சியக் காணோமே. அதான் மனசு என்னவோ பண்ணுச்சு. மூலையில முட்டை அளவுக்கு ஒரு பெட்டி இருந்துச்சுல்ல, நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பஸ்ஸு பசறைக்குப் போனா எனக்கென்ன, பண்டாரவளைக்குப் போனா எனக்கென்ன. தாடி வச்சிருக்கானா, எளச்சிருக்கானா, சிரிக்கிறானான்னு பாப்பேன். இப்ப படமே வர்றதில்ல மகள். வட்டமா சுத்திக்கிட்டே கெடக்கு. ஒரே ஒரு நாள் ஓடிச்சு. மரமெல்லாம் பளபளன்னு என்னா அழகு. புள்ளைய மட்டும் காணோம்."

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"நல்லா போவுது, கூட்டம் வருதுன்னு சந்தோசமா சொன்னியே. நான் ஒருத்தி பாக்காட்டி என்ன மகள்."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நிலுக்ஷி அழுதாள். பஸீல் நானா கேட்ட கேள்வியும், தான் சொன்ன பதிலும், முகத்தை அழித்தபோது சிரித்த சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவளைக் குத்தின. லயத்துக்கு வந்தவள் பையைக்கூட வைக்காமல் நேராகத் தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

"ஸ்பிரிங்வெளின்னு ஒரு ஆளு வருமே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா. இப்ப வர்றதில்ல. யாரு அது?"

"அம்மா."

ரொஷான் அவளையே பார்த்தான். கோபம்தான் முதலில் வந்தது. "எத்தன நாளா இந்தக் கள்ள வேல?" என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. துணி துவைக்கிற அறை, இதயப் படம், முன் சீட்டு, வட்டமாகச் சுற்றுகிற படம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "ஒன்னையப் பாக்கத்தான்டா வந்தாங்க. ஒன் பஸ்ஸ இல்ல. அப்பா மூஞ்சியத்தான் நீ காட்டல. ஒன் மூஞ்சியயும் நான் புடுங்கிட்டேன்."

அவன் வெளியே போனான். இருட்டுகிற வரைக்கும் கொய்யா மரத்தடியில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டாள், வரவில்லை. உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அங்க நெட்டு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டான்.

"பழைய படம் ஓடுச்சு."

"அதுக்கும் கீழ வைப்போம். நிக்கக்கூடாது." கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அவர்கள் ஒரு ஞாயிறு முழுக்கக் கூட்டிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறைத்தான். பிட்ரேட்டைக் குறைத்தான். படத்தைச் சின்னதாக்கினான். பஸ்ஸையே தூக்கிவிட்டான். மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, இழுத்து இழுத்துத் திரை முழுக்க விரித்தான். பிறகு திரும்பாமலே சொன்னான். "நாளைக்குப் பாக்கச் சொல்லு. நான் பேசுறேன்னு சொல்லு. போன்ல வேணாம்க்கா, போன்ல எனக்கு வாய் வராது. இதுல பேசுறேன்."

நிலுக்ஷி வாசல் இஸ்தோப்புக்கு ஓடிவந்து அம்மாவுக்கு எடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள். "அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "காலையில தலைக்குக் குளிச்சிட்டு, நல்லா சீவிக்கிட்டு உக்காந்துக்குறேன்."

"அவன் ஒங்களப் பாக்க மாட்டான்மா. நீங்கதான் அவனப் பாப்பீங்க."

"இருக்கட்டுமே. புள்ள பேசுறப்போ பரட்டையாவா உக்காந்திருக்கிறது?"

மறுநாள் ரொஷான் சந்தையிலிருந்து சீக்கிரமாகவே வந்துவிட்டான். சவரம் செய்தான். திருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டான். முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்று அடுப்படி பல்பைக் கழற்றி மேசைக்கு மேலே மாட்டினான். "கஞ்சி மாதிரி தெரியக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஷாமிலுக்கு இன்றைக்கு பஸ் இல்லை என்று சொல்லிவிட்டான். சனலில் யாருக்கும் அறிவிக்கவும் இல்லை. அம்மா ஒருத்திக்கு மட்டும்தான் அன்றைக்கு லைவ்.

அவன் தலை சீவிக்கொண்டிருக்கும்போது நிலுக்ஷி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். அவன் பேசும்போது அவள் வீட்டுக்குள் இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். இருந்தால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தத்தில் போன் அடித்ததே முதலில் கேட்கவில்லை. குவைத் நம்பர். ஆனால் அம்மாவின் நம்பர் இல்லை.

"நங்கி, நான் தயானி." ஹாலிஎல ஊர்க்காரி. அம்மா வேலை செய்கிற கட்டடத்திலேயே மேல் வீட்டில் வேலை செய்கிற சிங்களப் பெண், தங்கச்சி என்பதை நங்கி என்பாள். அம்மா அடிக்கடி சொல்லுகிற பெயர். "நங்கி, பவுலினா அக்கா காலையில படியில விழுந்தது. மூச்சு எடுக்க ஏலாம விழுந்தது. அம்புலன்ஸ் வந்தது. நான் அழுதுக்கிட்டே இருந்தது, என்னை உள்ள விடல." அவளுக்குத் தமிழ் திக்கியது. அழுகை அதைவிட அதிகமாகத் திக்கியது. "அக்கா இல்ல நங்கி. இப்பதான் சொன்னது. அக்கா இல்ல."

தயானி பேசிக்கொண்டே இருந்தாள். "இன்னைக்கு மகன் பேசுறது, மகன் பேசுறதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தது. விடியவே தலை கழுவினது. என்கிட்ட கிளிப் ஒன்னு கேட்டு வாங்கினது."

குடம் நிறைந்து வழிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு நிலுக்ஷி நடந்தாள். எப்படி வீடு வரைக்கும் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இஸ்தோப்புக்கு வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கதவு சாத்தியிருந்தது. அவன் ஆரம்பித்துவிட்டானா என்று பார்க்கத்தான் போனைத் திறந்தாள். ஆரம்பிக்கவில்லை என்றால் ஓடிப்போய் நிறுத்திவிடலாம். வேறு எந்த யோசனையும் அவளுக்கு இல்லை. விரல் அந்தச் சனலைத் தொட்டது.

"வந்துட்டீங்களாம்மா!"

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அவனுடைய குரல் வெடித்து வந்தது. நிலுக்ஷி திரையைப் பார்த்தாள். பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்று அவள்தான். அக்கா பார்க்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். சட்டம் போட்டவனே அவன்தான். அவள் இப்போது போனை அணைத்தால் அந்த ஒன்று பூச்சியமாகும். அம்மா எழும்பிப் போய்விட்டாள் என்று நினைப்பான். அணைக்காவிட்டால், இல்லாத அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பான். அவளுடைய விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. அவளால் அணைக்க முடியவில்லை.

உள்ளே அவனுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. தெரிந்த வேலையையே செய்தான். "பசறை, பசறை, பசறை" என்றான். "ஏறுங்கம்மா. முன்னுக்கு சீட்டு வச்சிருக்கேன்." அதற்கு மேல் குரல் உடைந்துவிட்டது.

"அம்மா, அன்னைக்கு போன நான்தான் கட் பண்ணேன். தெரியும் ஒங்களுக்கு. நீங்க வேணும்னு வராம இல்லைன்னும் எனக்குத் தெரியும்மா. அன்னைக்கே தெரியும். வருவாங்க வருவாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு நான் அசிங்கப்பட்டுட்டேன்னு ஒரு கோவம். அப்புறம் எப்புடிப் பேசுறதுன்னு தெரியல. நாள் ஆக ஆக இன்னும் தெரியல." மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது. "அப்பா மூஞ்சிய நான் சொல்றேன், கேட்டுக்குங்க. தூங்குற மாதிரிதான் இருந்தாரு. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுட்டு வாயக் கொஞ்சம் தொறந்துக்கிட்டுத் தூங்குவாருல்ல, அந்த மாதிரி. மீசைய நான்தான் சீவி விட்டேன். ஒரு பக்கம் நட்டுக்கிட்டே நின்னுச்சும்மா. எத்தன தடவ அமுக்கியும் அடங்கல. ஒங்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம்னு."

நிலுக்ஷி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கையில் இருந்த போனில் அவன் இப்போதுதான் "பசறை, பசறை" என்று ஆரம்பித்திருந்தான். வெள்ளைச் சட்டை. நன்றாகச் சீவிய தலை. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கண், மூக்கு, சவரம் செய்யும்போது தாடையில் பட்ட சின்னக் காயம் எல்லாம் தெரிந்தது.

"அம்மா, என் மூஞ்சி தெரியுதா? சுத்துதா, ஓடுதா?" உள்ளே அவன் கேட்டான். கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தான். "எளச்சுட்டேன்னு நெனைக்காதீங்க, கமரா அப்புடிக் காட்டுது." மறுபடியும் பொறுத்திருந்தான். "ஒரு வார்த்த எழுதுங்கம்மா. தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க. ஒரே வார்த்த."

கொய்யா மரத்தில் கட்டியிருந்த பொலித்தீன் பை காற்றில் படபடத்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுடைய குரலில் அந்தப் பழைய பயம் ஏற ஆரம்பித்தது. அப்பாவின் பெட்டியை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே குரல். இன்னொரு தடவை அவனை அப்படிக் காத்திருக்க விட நிலுக்ஷிக்கு மனம் வரவில்லை. அந்தக் கணக்கு இன்னும் அவளுடைய போனில்தான் திறந்திருந்தது. அம்மா மட்டுமே அவனைக் கூப்பிடுகிற பெயரால் அவள் எழுதினாள்.

'தெரியுது சாமி.'

உள்ளே அவன் சிரித்தான். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. "தெரியுதாம்! அக்கா, அம்மாவுக்குத் தெரியுதாம்! எங்க இருக்க நீ?"

செய்தது பாவம் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி ஒரு நிமிஷம் விட்டால் அந்தப் பாவம் இரண்டாகும், மூன்றாகும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். போனைக் கையில் பிடித்தபடியே கதவைத் தள்ளினாள்.

பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த ரொஷான் சிரித்த முகத்தோடு திரும்பினான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவளுடைய கையில் எரிந்துகொண்டிருந்த போனைப் பார்த்தான். அந்தத் திரையில் தன் முகத்தையே பார்த்தான். அவனுடைய சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் உதட்டில் அப்படியே நின்று, பிறகு மெல்ல மெல்ல அணைந்தது.

"அக்கா?" என்றான். "அம்மா எங்கக்கா?"

நிலுக்ஷி சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. ரொஷான் கதிரையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

அவள் கையில் இருந்த போனுக்குள் 'தெரியுது சாமி' என்று அவள் எழுதிய செய்தி அப்போதுதான் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே அவன் வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான்.